இ20 பெட்ரோல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்க்கில் வண்டியை நிறுத்தி "ஃபுல் பண்ணுங்க" என்றால் இன்று டேங்கில் இறங்குவதில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். வண்டி நாசமாகிவிடும் என்று சிலர் அலறுகிறார்கள், ஒன்றுமே ஆகாது என்று சிலர் சத்தியம் செய்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எத்தனால் எஞ்சினுக்கு எமன் இல்லை. ஆனால் அதனால் வரும் சின்னச் சின்ன நஷ்டம் எல்லாம் வண்டிக்காரர் தலையில்தான் விழுகிறது, வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு வழி இல்லை. என் குறை அதில்தான்.

இ20 என்றால் என்ன? திடீரென்று எங்கிருந்து வந்தது?

20 சதவீதம் எத்தனால், 80 சதவீதம் பெட்ரோல். சாராயத்தில் இருக்கும் அதே ஆல்கஹால்தான் எத்தனால். எரிபொருளுக்கு வருவதில் தண்ணீரை அநேகமாக முழுவதும் நீக்கியிருப்பார்கள்.

திடீரென்று வந்ததில்லை. 2003 ஜனவரியிலேயே 9 மாநிலங்களில் 5 சதவீதக் கலப்பு தொடங்கியது, அதில் தமிழ்நாடும் ஒன்று. பிறகு பல வருடம் திட்டம் ஏட்டளவிலேயே கிடந்தது. 2014-இல்கூட நாட்டின் சராசரிக் கலப்பு 1.5 சதவீதம்தான். அதற்குப் பின்னால்தான் வேகம் பிடித்தது. 2022 ஜூனில் 10 சதவீதத்தைத் தொட்டார்கள். 20 சதவீதத்துக்கு முதலில் குறித்திருந்த கெடு 2030. அதை 2025-26 என்று முன்னுக்கு இழுத்தார்கள். 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூருவில் பிரதமர் இ20 விற்பனையைத் தொடங்கி வைத்தார், 2025-இல் நாடு முழுக்க அதுவே சாதாரணப் பெட்ரோல் ஆகிவிட்டது.

மைலேஜ் உண்மையிலேயே குறையுமா?

குறையும். இதில் அபிப்பிராயத்துக்கே இடமில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் ஆற்றல் உண்டு, எத்தனாலில் 21 சொச்சம்தான். மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதை ஐந்தில் ஒரு பங்கு கலந்தால், எத்தனால் கலக்காத பெட்ரோலைவிட லிட்டருக்கு ஏழு சதவீதம் அளவு ஆற்றல் குறையும். நாம் இ10-இலிருந்து இ20-க்கு மாறியிருக்கிறோம் என்பதால் புதிதாக வந்த குறைவு மூன்றரை சதவீதம் அளவுதான்.

நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. சுத்தப் பெட்ரோலுக்காக வடிவமைத்து இ10-க்கு டியூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம், அதே வகை இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம், இ10-க்கு வடிவமைத்து இ20-க்கு டியூன் செய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம்.

ரூபாயாகப் பார்ப்போம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் பைக் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 சதவீதம் குறைந்தால் மாதம் முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே கூடுதலாகப் போட வேண்டும், எண்பது ரூபாய்ச் செலவு. லிட்டருக்கு 15 கொடுக்கும் கார் அதே தூரம் ஓடி 6 சதவீதம் குறைந்தால் நாலேகால் லிட்டர், அதாவது நானூறு ரூபாய்க்கு மேல். "மைலேஜ் பாதியாகிவிட்டது" என்று சொல்பவரின் வண்டியில் வேறு கோளாறு இருக்கிறது. ஏர் ஃபில்டரையும் டயர் காற்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆற்றல் குறைவு என்றால் விலையும் குறைய வேண்டாமா?

நியாயமான கேள்வி. ஆற்றல் கணக்குப்படி பார்த்தால், லிட்டர் 101 ரூபாய்க்கு இ10 விற்கும் இடத்தில் இ20 மூன்றரை ரூபாய் மலிவாக இருக்க வேண்டும். மேலே சொன்ன நிதி ஆயோக் அறிக்கையே, ஆற்றல் குறைவை ஈடுகட்டும் விதத்தில் கலப்புப் பெட்ரோலின் சில்லறை விலை குறைவாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அந்த வரி மட்டும் பங்க் வரை வந்து சேரவில்லை.

பெட்ரோலிய அமைச்சகத்தின் பதில் இது: அறிக்கை எழுதிய காலத்தில் எத்தனால் மலிவு, இப்போது அப்படி இல்லை. எண்ணெய் நிறுவனங்கள் வாங்கும் எத்தனாலின் சராசரி விலை, போக்குவரத்தும் ஜிஎஸ்டியும் சேர்த்து, 2025 ஜூலை நிலவரப்படி லிட்டருக்கு 71.32 ரூபாய். வரி சேராத பெட்ரோல் அப்போது அதைவிடக் குறைவு. கணக்கு சரிதான். ஆனால் எத்தனால் விலை ஏறியதற்குக் காரணம், விவசாயிக்கும் ஆலைக்கும் நல்ல விலை கிடைக்கட்டும் என்று அரசே வைத்த கொள்முதல் விலை. அந்த நோக்கம் நல்லது. அதற்கு மானியத்தைக் கஜானாவிலிருந்து கொடுக்காமல் பெட்ரோல் போடுகிறவரின் மைலேஜிலிருந்து எடுக்கிறார்கள். இதை வெளிப்படையாகச் சொன்னால்கூடப் பாதிக் கோபம் அடங்கிவிடும்.

எத்தனாலில் நல்லதே இல்லையா?

நிறைய இருக்கிறது. முதலாவது ஆக்டேன், அதாவது எரிபொருள் நேரத்துக்கு முன் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு. முன்பு விற்ற சாதாரணப் பெட்ரோல் 91, எத்தனால் 108 அளவு, நம் ஊர் இ20-க்கு 95. ஆக்டேன் ஏறினால் எஞ்சினில் அப்படி வெடித்து வரும் 'நாக்கிங்' தட்டல் குறையும். எத்தனால் ஆவியாகும்போது உள்ளே போகும் காற்றைக் குளிர வைக்கவும் செய்யும். இதைப் பயன்படுத்திக்கொள்ளக் கம்ப்ரஷன் (எரியும் முன் கலவையை அழுத்தும் அளவு) கூடுதலாக வைத்து எஞ்சின் கட்டினால், இழந்த மைலேஜில் ஒரு பகுதியைத் திரும்பப் பிடிக்கலாம். ஏற்கெனவே ஓடும் எஞ்சினின் கம்ப்ரஷன் மாறப்போவதில்லை என்பதால், பழைய வண்டிக்காரருக்கு இந்த லாபம் அநேகமாகக் கிடைக்காது.

இரண்டாவது அந்நியச் செலாவணி. நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. 2014-15 முதல் எத்தனால் கலப்பால் 1.4 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் மிச்சம் என்று அமைச்சகம் கணக்குச் சொல்கிறது. பணம் வளைகுடாவுக்குப் போகாமல் ஆலைக்கும் வயலுக்கும் போகிறது என்றால் யாருக்கும் கசக்காது.

பிக்-அப் குறைகிறது, வண்டி திணறுகிறது என்கிறார்களே?

இங்கேதான் வண்டிக்கு வண்டி வித்தியாசம். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் எரிவதற்குக் காற்று குறைவாகப் போதும். ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். அதனால் இ20 போடும்போது அதே காற்றுக்கு எரிபொருள் கொஞ்சம் அதிகமாக இறங்க வேண்டும்.

ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் சைலன்சர் பக்கம் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் இதைப் பார்த்துச் சொல்லும், கணினி தானாகவே கூட்டிக் கொடுக்கும். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 புகை விதிக்குப் பிறகு விற்ற பைக்குகள் பெரும்பாலும் இந்த ரகம். அதற்கு முந்தைய கார்புரேட்டர் வண்டிக்கு இந்தப் புத்தி கிடையாது. பெட்ரோல் இறங்கும் ஜெட் துவாரம் எவ்வளவோ அவ்வளவுதான் ஊற்றும். கலவை மெலிந்துவிடும், அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இருக்காது. காலையில் சோக் இழுத்தாலும் இரண்டு மூன்று உதை கூடுதலாக வேண்டும், ஐடிலில் நிற்காது, திராட்டிலைத் திருப்பியதும் ஒரு நொடி இழுவை இல்லாமல் அப்புறம் பாயும். பிளக்கைக் கழற்றினால் நுனி காப்பிப்பொடி நிறத்தில் இல்லாமல் வெளுத்திருக்கும்.

இதற்கு வைத்தியம் எளிது. நல்ல மெக்கானிக் ஏர் ஸ்க்ரூவைச் சரிசெய்வார், தேவைப்பட்டால் மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரியதாக மாற்றுவார். ஜெட் விலை ஒன்றும் பெரிதில்லை. இதைச் செய்யாமல் மெலிந்த கலவையிலேயே வருடக்கணக்கில் ஓட்டினால் எஞ்சின் சூடு கூடி, வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நல்லதல்ல.

ரப்பர் எல்லாம் கரைந்துவிடுமா?

கரையாது. ஊறி உப்பும், காய்ந்தால் வெடிக்கும். பழைய வண்டிகளின் ஃப்யூல் ஹோஸ், கார்புரேட்டர் ஓ-ரிங், டேங்க் காக் (பெட்ரோலைத் திறந்து மூடும் குமிழ்) வாஷர் ஆகியவை எத்தனாலை நினைத்துச் செய்தவை அல்ல. உலோகத்திலும் கொஞ்சம் பிரச்சினை உண்டு. ஈரத்தோடு சேர்ந்த எத்தனால் துத்தநாகம், அலுமினியக் கலவைகளை மெல்ல அரிக்கும். ரொம்ப நாள் நின்ற பைக்கின் ஃப்ளோட் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் வெள்ளையாகப் பொரிந்த தூள் கிடப்பது இதனால்தான்.

இன்னொன்று உண்டு. எத்தனால் நல்ல கரைப்பான். பழைய டேங்க்கில் வருடக்கணக்காகப் படிந்த பிசினை முதல் சில டேங்க்கிலேயே கழுவி இறக்கிவிடும். அந்த அழுக்கு நேரே ஃபில்டரில் போய் அடைக்கும். வண்டி ஓடி ஓடி நின்றால் உடனே "எஞ்சின் போச்சு" என்று பயப்படாமல் ஃபில்டரை மாற்றுங்கள்.

என் வண்டி இ20-க்கு ஏற்றதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஓனர் மேனுவலில் எரிபொருள் பக்கத்தைப் பாருங்கள். டேங்க் மூடி அருகிலும் பல வண்டிகளில் குறித்திருப்பார்கள். பொதுவான கணக்கு இது: 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரானவற்றின் பாகங்கள் இ20-ஐத் தாங்கும், 2025 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவற்றில் எஞ்சினே அதற்காக டியூன் செய்யப்பட்டது. அதற்கு முந்தையது என்றால் ஹோஸ், ஓ-ரிங், ஃபில்டர் மூன்றையும் ஒருமுறை மாற்றிவிட்டு நிம்மதியாக ஓட்டலாம். மாற்றும்போது எத்தனால் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் மாற்றியும் பயனில்லை.

மழைக்காலத்தில் பெட்ரோலில் தண்ணீர் கலந்துவிடும் என்கிறார்களே?

பெட்ரோலும் தண்ணீரும் சேராது. எத்தனால் இரண்டோடும் சேரும். சிக்கலே அதுதான். கொஞ்சம் தண்ணீர் இருந்தால் எத்தனால் அதைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும், எஞ்சினும் அதை எரித்துவிடும். ஒரு லிட்டர் இ10 ஏறக்குறைய 5 மில்லி வரை தாங்கும், இ20 அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். அந்த எல்லை தாண்டினால்தான் வினை. தண்ணீரும் பெரும்பகுதி எத்தனாலும் ஒன்றாகப் பிரிந்து டேங்க் அடியில் போய் உட்காரும். எஞ்சினுக்குப் போகும் குழாய் இருப்பதும் அடியில்தான். வண்டி அங்கேயே நிற்கும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குடுவையில் 90 மில்லி பெட்ரோல், 10 மில்லி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஐந்து நிமிடம் வையுங்கள். எத்தனால் இல்லாத பெட்ரோல் என்றால் அடியில் அதே 10 மில்லிதான் நிற்கும். இ20 என்றால் அடி அடுக்கு 25 மில்லிக்கு மேல் ஏறியிருக்கும். தண்ணீர் எத்தனாலை இழுத்துக்கொண்டதால் வந்த உயர்வு அது. வெட்டவெளியில், அடுப்பு, பீடி, சிகரெட் எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள்.

பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் மழைநீர் கசிந்தால் உங்கள் வண்டியோடு வரிசையில் நின்ற பத்து வண்டியும் நிற்கும். அந்த நேரத்தில் கையில் பில் இருக்க வேண்டும். போட்ட பெட்ரோலை ஒரு பாட்டிலில் இறக்கிக் காட்டிப் பங்க்கிலேயே புகார் புத்தகத்தில் எழுதுங்கள்.

டேங்க் மூடியில் எறும்பு மொய்க்கிறதே, கரும்புச் சர்க்கரையா?

இல்லை. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்குகிறது, அப்புறம் அதை ஆவியாக்கி வடிக்கிறார்கள். சர்க்கரை வடிசாலையிலேயே தங்கிவிடும். எறும்புக்கு உங்கள் வண்டியில் வேறு ஏதோ வேலை.

புகை குறையுமா?

கார்பன் மோனாக்சைடு நன்றாகவே குறைகிறது. இருசக்கர வண்டிகளில் பாதி, கார்களில் 30 சதவீதம் வரை என்பது நிதி ஆயோக் சொல்லும் கணக்கு. நைட்ரஜன் ஆக்சைடுகளில் பெரிய மாற்றம் இல்லை, அசிட்டால்டிஹைடு என்ற நச்சு வாயு கொஞ்சம் கூடும்.

புவி வெப்பமாதல் கணக்கு சற்றுச் சிக்கல். எத்தனால் எரிந்து வரும் கார்பன் டை ஆக்சைடு, அந்தப் பயிர் காற்றிலிருந்து எடுத்ததுதான் என்பதால் பெட்ரோலைவிட மேல். ஆனால் உரம், பம்ப்செட், லாரி, வடிசாலைக் கொதிகலன் எல்லாம் விடும் புகையும் எத்தனாலின் கணக்கில் ஏற வேண்டும். எல்லாம் கழித்தும் கரும்பு எத்தனாலில் 65 சதவீதம், மக்காச்சோளத்தில் 50 சதவீதம் குறைவு என்று அரசு சொல்கிறது. வடிசாலை நிலக்கரி எரிக்கிறதா, கரும்புச் சக்கை எரிக்கிறதா என்பதைப் பொறுத்து இந்த எண் ஏறி இறங்கும்.

கரும்பா, மக்காச்சோளமா? சாப்பாட்டைத்தான் எரிக்கிறோமா?

எஞ்சினைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டால் நன்றாக இருக்கும். என் பார்வையில் எத்தனாலின் பெரிய பிரச்சினை வயலில்தான்.

முதலில் மொலாசஸிலிருந்து எடுத்தார்கள். சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கறுப்புப் பாகு அது, யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஒரு டன் கரும்பிலிருந்து இப்படிப் பத்து லிட்டர் எத்தனால்தான் வரும். கரும்புச் சாற்றையே நேரடியாகப் புளிக்க வைத்தால் 70 லிட்டர், ஆனால் அங்கே சர்க்கரை கிடைக்காது. 2023 டிசம்பரில் மழை பொய்த்துச் சர்க்கரை உற்பத்தி குறையும் என்று தெரிந்ததும் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்க மத்திய அரசே தடை போட்டது, பிறகு ஓரளவு தளர்த்தியது. தண்ணீரும் பெரிய விஷயம். கரும்பு வழியாக வரும் ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணீர் என்று நிதி ஆயோக் அறிக்கையே எழுதியிருக்கிறது. மேட்டூர் எப்போது திறக்கும் என்று காத்திருக்கும் ஊருக்கு இந்த எண்ணின் கனம் தெரியும்.

அதனால் பார்வை தானியத்தின் பக்கம் திரும்பியது. ஒரு டன் மக்காச்சோளம் 380 லிட்டர் கொடுக்கும். 2024-25-இல் மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டருக்கு 71.86 ரூபாய் வைத்தார்கள். சர்க்கரையை முடிந்தவரை எடுத்துவிட்ட கடைசி நிலை மொலாசஸின் எத்தனாலுக்கு 57.97. ஆலைகள் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லத் தேவையில்லை. இன்று எத்தனால் மூலப்பொருளில் மக்காச்சோளம்தான் முதலிடம். ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தியா 2024-இல் மியான்மர், உக்ரைன் பக்கமிருந்து மக்காச்சோளம் இறக்குமதி செய்தது.

பெரம்பலூரில் மானாவாரியாக மக்காச்சோளம் போடுகிறவருக்கு இது நல்ல காலம். நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருப்பவருக்கு அதே விலைதான் தலைவலி, ஏனென்றால் கோழித்தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம். தீவனம் ஏறினால் முட்டை ஏறும். மைலேஜில் போனதைக் கணக்குப் பார்ப்பவர் ஆம்லெட்டில் போனதைப் பார்ப்பதில்லை. வடிசாலையில் மிஞ்சும் புரதச் சக்கை தீவனமாகத் திரும்பி வருகிறது என்பது உண்மைதான். ஆனால் அது வந்ததும் சோயாப் புண்ணாக்கு விலை சரிந்தது, இப்போது சோயா விவசாயி புலம்புகிறார். ஒரு பக்கம் ஏற்றினால் இன்னொரு பக்கம் இறங்குகிறது.

பிரேசிலில் பல காலமாக ஓடுகிறதே?

ஓடுகிறது, ரொம்ப நன்றாகவே. ஆனால் அந்தக் கதையை முழுசாகச் சொல்வதில்லை. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1975-இல் பிரேசில் 'புரோஆல்கூல்' திட்டத்தைத் தொடங்கியது. 1979-இல் முழு எத்தனாலில் ஓடும் ஃபியட் 147 வந்தது. எண்பதுகளின் நடுவில் அங்கே விற்ற புதுக் கார்களில் பெரும்பாலானவை எத்தனால் கார்கள். பிறகு சர்க்கரை விலை ஏறியதும் ஆலைகள் சர்க்கரைக்குத் தாவின. 1989-90-இல் பங்க்குகளில் எத்தனால் தட்டுப்பாடு, வண்டிக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். மக்கள் எத்தனால் காரைக் கையெடுத்துக் கும்பிட்டு விட்டுவிட்டார்கள்.

திட்டத்துக்கு உயிர் திரும்ப வந்தது 2003-இல், ஃபோக்ஸ்வேகன் கோல் ஃப்ளெக்ஸ் காரோடு. எத்தனால், பெட்ரோல் எது போட்டாலும், எப்படிக் கலந்து போட்டாலும் ஓடும். இன்று பிரேசில் பங்க்கில் எத்தனால் தனிக் குழாய், கலப்புப் பெட்ரோல் தனிக் குழாய். எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், மேலே போனால் பெட்ரோல் என்று ஓட்டுநர் மனக்கணக்குப் போட்டு முடிவு செய்கிறார். அவர்கள் பெட்ரோலில் 2025 ஆகஸ்ட் முதல் 30 சதவீதம் எத்தனால். அங்கே கரும்புக்குப் பெரும்பாலும் மழையே போதும் என்பதையும் மறக்கக் கூடாது. "பிரேசிலைப் பார்" என்று சொல்பவர்கள் அந்த இரண்டு குழாயையும் சேர்த்தே பார்க்கச் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் ஃப்ளெக்ஸ் வண்டி கிடையாதா?

முயற்சிகள் உண்டு. ஓசூரைச் சேர்ந்த டிவிஎஸ் 2019 ஜூலையிலேயே எத்தனாலில் ஓடும் அப்பாச்சி ஆர்டிஆர் 200-ஐ வெளியிட்டது. வண்டி வந்தது, அதற்கு எத்தனால் போடப் பங்க் இல்லை. 2023 ஆகஸ்டில் டொயோட்டா இன்னோவா ஃப்ளெக்ஸ் மாதிரி வண்டியைக் காட்டினார்கள். 2024 மார்ச்சில் தமிழ்நாடு உட்படச் சில மாநிலங்களில் தேர்ந்தெடுத்த பங்க்குகளில் இ100 (அநேகமாக முழு எத்தனால்) விற்பனை தொடங்கியது. விலையில் நல்ல வித்தியாசம் வராதவரை யாரும் தேடிப் போய் வாங்க மாட்டார்கள்.

எத்தனால் இல்லாத பெட்ரோல் கேட்டு வாங்க முடியுமா?

சாதாரண விலையில் முடியாது. பெருநகரங்களில் சில பங்க்குகளில் விற்கும் 100 ஆக்டேன் பெட்ரோல் எத்தனால் இல்லாதது என்று சொல்லப்படுகிறது, விலை லிட்டருக்கு ஒன்றரை மடங்குக்கு மேல். பழைய ஜாவா பைக்கை ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பவருக்குச் சரி, தினமும் வேலைக்குப் போகிறவருக்குக் கட்டுப்படியாகாது. பெயரில் 'பிரீமியம்' என்று இருப்பதெல்லாம் எத்தனால் இல்லாதது என்று நினைத்துவிடாதீர்கள்.

எத்தனால் இல்லாத பெட்ரோலையும் விற்க உத்தரவிட வேண்டும் என்ற பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. சட்டப்படி அது முடிந்த கதையாக இருக்கலாம். பழைய வண்டிகளுக்கு இ10 என்று ஒரு குழாயாவது வேண்டும் என்பது என் கட்சி.

இ20 போட்டால் இன்ஷூரன்ஸ், வாரண்டி போய்விடுமா?

இன்ஷூரன்ஸ் செல்லாது என்ற பேச்சு தவறு என்று அமைச்சகம் 2025 ஆகஸ்டிலேயே தெளிவுபடுத்தியது. வாரண்டி என்றால் உங்கள் மாடலுக்கு என்ன என்று சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு பின்னால் உதவாது.

டீசலில்?

பங்க்கில் விற்கும் டீசலில் எத்தனால் கலப்பதில்லை.

எத்தனால் பாதிப்பைத் தடுக்கும் என்று பாட்டிலில் விற்கிறார்களே, வாங்கலாமா?

துருவைத் தடுக்கும் சேர்மானம் ஓரளவு உதவலாம். ஆனால் பிரிந்துபோன தண்ணீரை எந்தப் பாட்டிலும் திரும்பச் சேர்க்காது, போன மைலேஜையும் மீட்டுத் தராது. அந்தக் காசுக்குப் புது ஹோஸ் வாங்குங்கள்.

வெளியூர் போகிறேன், பைக் மாதக்கணக்கில் நிற்கும். என்ன செய்வது?

ஒரு மாதம் என்றால் டேங்க்கை நிரப்பி மூடியை இறுக்கி வையுங்கள். பாதி டேங்க்கில் காற்று இருக்கும், அந்தக் காற்றின் ஈரம் பெட்ரோலுக்குள் இறங்கும். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் இது சீக்கிரம் நடக்கும். மூன்று மாதத்துக்கு மேல் என்றால் டேங்க்கைக் காலி செய்வதே மேல். கார்புரேட்டர் வண்டியில் டேங்க் காக்-ஐ மூடிவிட்டு, கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தி மிச்சத்தையும் இறக்கிவிடுங்கள். வந்ததும் புதுப் பெட்ரோல் ஊற்றி, டேங்க் காக்-ஐத் திறந்து, கிண்ணம் நிரம்ப ஒரு நிமிடம் கொடுத்துவிட்டு உதையுங்கள். ஹோஸ் இணைப்பில் கசிவு இருக்கிறதா என்று பார்க்காமல் மட்டும் கிளம்பாதீர்கள்.